ஏழாம் நம்பர் நட்ட வருடம்

அம்மா,

இன்று காலை அடுப்பில் பச்சை மிலாறு புகைந்தது. ஏழாம் நம்பர் காட்டில் கவாத்து தொடங்கி நாலு நாள் ஆகிறது. வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியை நேற்று ஒரு கட்டு சுமந்து வந்து வாசலில் போட்டேன். காயும் வரை பொறுக்காமல் இரண்டு குச்சியை எடுத்துத் திணித்துவிட்டேன். புகை கண்ணில் ஏறியதும் நீ திட்டுகிற சத்தம் கேட்டது. "காயாத மிலாற வச்சு ஊதாத பிள்ள, கண்ணு அவிஞ்சு போவும்." திரும்பிப் பார்த்தேன். நீ உட்காரும் பலகை சும்மா கிடந்தது.

இது இருபதாவது கவாத்து. நீ பத்தொன்பதைப் பார்த்தாய். போன ஆடியில் போய்விட்டாய். இன்னும் பத்து மாதம் இருந்திருந்தால் இதையும் எண்ணியிருப்பாய்.

நான் நாலாவது வரைதான் படித்தேன். எழுத்தில் பிழை வரும். ரம்யா திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். உன் பேத்தி இப்போது என்னைத் திருத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். பிழையைத் திருத்து, என் கோபத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கணக்கு எனக்குச் சின்ன வயதில் வெட்கமாக இருந்தது. தேயிலையை விட்டால் மரமாகிவிடும். நாலு வருடத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவார்கள். ஏழாம் நம்பர் நம் லயத்து வீட்டு வரிசையை ஒட்டிய தேயிலைக் காடு. அது கவாத்தாகும் வருடம் விறகு வாசலுக்கே வந்துவிடும். மற்ற வருடங்களில் மூன்று மேடு ஏறி இறங்க வேண்டும். அதனால் லயத்துப் பெண்களுக்கு எல்லா வருடமும் மறந்தாலும் அந்த வருடம் மறக்காது. நீ அதில்தான் எல்லாவற்றையும் மாட்டி வைத்திருந்தாய். அப்பா உன்னைக் கட்டியது ஐந்தாவது கவாத்துக்கு அடுத்த வருடம். நான் பிறந்தது ஆறாவதில். லயத்துக்குக் கரண்ட் வந்தது பன்னிரண்டாவதில். உன்னைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான். "ஏழாம் நம்பரும் நானும் ஒரு வயசு."

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று ஹெட்மாஸ்டர் என் பிறந்த தேதியைக் கேட்டார். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து சொன்னாய்: "ஆறாவது கவாத்து சார். மிலாத்துக் கட்ட இறக்கி வச்சேன், நோவு வந்துட்டு." வகுப்பு முழுவதும் சிரித்தது. ஹெட்மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ ஒரு தேதியை எழுதினார். வரும் வழியெல்லாம் நான் உன் கையைப் பிடிக்கவில்லை. "என்னட்டி, மூஞ்சி தூக்குதே?" என்று கேட்டாய். "உனக்கு ஒரு தேதி கூடத் தெரியாதா?" என்றேன். நீ முன்னால் நடந்தாய். கொஞ்ச தூரம் போனபின், "எனக்குத் தெரியுத கணக்கு அவனுக்குத் தெரியல," என்றாய். அப்போது அதை வீம்பு என்று நினைத்தேன்.

இந்த வருடம் ரம்யா நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். போன வருடமே போட்டிருக்க வேண்டியது. நீ படுத்துவிட்டாய், உன் பக்கத்தைவிட்டு அவள் நகரவில்லை. இந்த முறையும் விட்டால் கொழுந்துப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு என் பின்னால் வர வேண்டியதுதான். விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்று வேண்டும். தையில் வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம்.

ஆபீசர் நல்ல மனிதர்தான். நாற்காலி போடச் சொன்னார். ஆனால் சட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஐம்பதாம் வருடம் ஆகஸ்டுக்கு முன்பே நம் குடும்பம் இந்தக் கேரள மண்ணில் இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். இல்லையென்றால் இங்கே நமக்குச் சாதியும் இல்லை, சலுகையும் இல்லை. தமிழ்நாட்டில் போய்க் கேள் என்பார்கள். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? திருநெல்வேலிப் பக்கம் நான் வாழ்நாளில் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் "கேரளாக்காரி வந்துட்டா" என்றுதான் சொன்னார்கள்.

நம் வீட்டில் இருக்கிற பழைய காகிதம் ஒன்றுதான். நீ வேலையைவிட்டு நின்றபோது எஸ்டேட் கொடுத்த சர்வீஸ் சீட்டு. ஆபீசர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சேச்சி, உங்க அம்மா பிறந்தது ஐம்பத்தொண்ணு ஜனவரி ஒண்ணுன்னு இதில இருக்கு."

"அது அவங்களா போட்டது சார். எங்க லயத்துல பாதிப்பேரு ஜனவரி ஒண்ணுலதான் பிறந்திருக்காவ."

அவர் சிரித்தார். "மனசிலாவுது. பட்சே, ரேகை ரேகைதானே. கெடு முடிஞ்சு சில மாசம் கழிச்சு இந்த ஆளு பிறந்திருக்கு. எங்க பிறந்துச்சுன்னும் இல்ல. அதுக்கு முந்தி இவங்க இங்க உண்டாயிருந்ததுக்கு வேற ஏதாவது ரேகை, காகிதம் இருக்கா?"

"எங்கம்மா ஏழாம் நம்பர் நட்ட வருசம் பிறந்தவ சார். சுதந்திரத்துக்கு முந்துன வருசம்."

"யாரு சொன்னா?"

"எங்கம்மாதான்."

அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். ரம்யா வெளியே வந்து செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஏலப்பாறை பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் காலில் போட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அம்மா. அன்று வரை நானும் அந்தச் சீட்டைத்தான் நம்பினேன். ஆதாரில் அதுதான், ரேஷன் கார்டில் அதுதான். உன் குழிமேட்டில் சிமெண்டுக் கல் வைத்தபோது கொத்தனார் "தோற்றம் என்ன?" என்று கேட்டார். ஆதாரை எடுத்து நீட்டினேன். ஜனவரி ஒன்று என்று நான்தான் செதுக்க வைத்தேன். வாழ்நாள் முழுவதும் நீ சொன்னதை விட்டுவிட்டு, எவனோ எழுதியதைக் கல்லில் எழுதினேன்.

எவன் எழுதினான் என்று பேச்சி பெரியம்மாவிடம்தான் கேட்டேன். உன்னைவிட ஆறு வயது மூத்தவள், உன்னோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள், இன்னும் இருக்கிறாள். காது போய்விட்டது, வாய் போகவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ என்னிடம் ஒருநாளும் சொல்லாத கதை.

ஆளுக்கு ஆள் பதிவு வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்ததாம். வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ரைட்டர், அதுதான் ஆபீஸ் கணக்கெழுதுகிறவர், பெரிய புத்தகத்தில் பெயரும் வயதும் எழுதினாராம். உன் முறை வந்தபோது உன் அப்பா "பதினேழு சாமி" என்றாராம். ரைட்டர் உன்னை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"இதுவா பதினேழு? சோளத்தட்ட மாதிரி நிக்கி. பன்னெண்டு."

உன் அப்பா வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற கங்காணி அவரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டார்.

"உங்கம்மா மூடல," என்றாள் பேச்சி பெரியம்மா. "'நான் ஏழாம் நம்பரு வயசு சாமி'ன்னு உரக்கச் சொன்னா. களமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக்கூடாது. ரைட்டரும் சிரிச்சான். சிரிச்சிக்கிட்டே பன்னெண்டுன்னு எழுதிட்டான்."

பன்னிரண்டு என்றால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் பாதிக் கூலி. நிரை மட்டும் முழு நிரை. பதினெட்டு ஆகும்வரை அப்படித்தான். உனக்குப் பதினெட்டு மறு வருடமே ஆனது. புத்தகத்தில் ஆக இன்னும் ஐந்து வருடம் ஆயிற்று. அதற்குள் உனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு மறுவாரம் காலையில் நீ சின்னப்பிள்ளைகள் வரிசையில் நின்றாயாம், கழுத்தில் புதுத்தாலியோடு. "நாங்க கேலி பண்ணுவோம். 'புதுப்பொண்ணு இன்னும் வயசுக்கு வரலியோ'ன்னு. அவளும் சிரிப்பா. சிரிச்சிட்டுப் போயி செடிக்குள்ள குனிஞ்சுக்கிடுவா," என்றாள் பெரியம்மா.

முன்பக்கம் ஐந்து வருடத்தை எடுத்துக்கொண்டார்கள். பின்பக்கமும் அதே ஐந்து வருடத்தை எடுத்தார்கள் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஐம்பத்தெட்டில் வேலை முடிய வேண்டும். புத்தகத்தில் உனக்கு ஐம்பத்தெட்டு ஆனபோது உன் உடம்புக்கு அறுபத்துமூன்று. அந்தக் கடைசி வருடங்களில் மேட்டில் ஏறும்போது நீ என் தோளைப் பிடித்துக்கொள்வாய். முட்டியில் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பாய். "வயசு ஆகலியே, அதுக்குள்ள என்ன முட்டு வலி?" என்று சூப்பர்வைசர் கேட்பான். நானும்தான் கேட்டிருக்கிறேன், அம்மா. நீ அதற்குப் பதில் சொன்னதில்லை. ஏற்கெனவே ஒருமுறை களத்தில் நின்று சொல்லிப் பார்த்துவிட்டாய். இப்போது புரிகிறது.

கோபத்தோடுதான் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். இப்போதைய ரைட்டர் முதலமடைக்காரர், முப்பது வயது இருக்கும். அந்தப் பக்கத்துத் தமிழில் எல்லோருக்கும் மரியாதை வைத்துப் பேசுவார். பழைய ஆள் புத்தகம் வேண்டும், ஐம்பதுக்கு முந்தியது, என்றேன்.

"ஏனுங்க அம்மா, அது இல்லைங்களே. ஆளுங்க புக்கு எல்லாம் கரையான் தின்னு எப்பவோ அள்ளிப் போட்டுட்டாங்க. செடி புக்கு மட்டும் பத்திரமா இருக்குதுங்க."

"செடி புக்கா?"

"ஒவ்வொரு காட்டுக்கும் ஒண்ணு இருக்குதுங்க. எங்கூர்ல மாந்தோப்புக்கு வெச்சிருப்பாங்க பாருங்க, அந்த மாதிரி." இரும்பு அலமாரியைத் திறந்து எடுத்தார். துணி அட்டை போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. ஏழாம் நம்பர் பக்கத்தைத் திருப்பி எனக்கு வாசித்துக் காட்டினார்.

எந்த வருடம் ஆனி மாதம் எந்தத் தேதியில் நட ஆரம்பித்தார்கள், எந்தத் தேதியில் முடித்தார்கள் என்று இருந்தது. நீ சொன்ன அதே வருடம். கன்று எங்கிருந்து வந்தது, எத்தனை வந்தது, எத்தனை பட்டுப்போனது எல்லாம் இருந்தது. பட்டுப்போன கன்றுக்கு மறுநடவு செய்த தேதி இருந்தது. ஒவ்வொரு கவாத்தும் தொடங்கிய நாள், முடிந்த நாள். எந்தச் செடிக்கு என்ன நோய், எப்போது மருந்தடித்தார்கள் என்பது வரை. பத்தொன்பது கவாத்தும் ஒன்றுகூட விடாமல் இருந்தது.

"நட்டவங்க பேரு இருக்கா தம்பி?"

அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "கங்காணி பேரு இருக்குதுங்க. அப்புறம், ஆள் முப்பத்திரண்டுன்னு போட்டிருக்குதுங்க."

ஆள் முப்பத்திரண்டு. அந்த முப்பத்திரண்டில் ஒன்று உன் அம்மா. வயிற்றில் நீ. அந்த ஆபீசில் நான் அழவில்லை. செத்துப்போன செடிக்குத் தேதி வைத்திருக்கிறவர்களுக்கு, உயிரோடு வரிசையில் நின்ற பெண்ணின் வயதைக் கேட்டு எழுத முடியவில்லையா? மறுநடவு செய்த கன்றுக்கு ஒருநாள் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. உனக்கு மட்டும் ஐந்து வருடம் குறைத்தார்கள், சிரித்துக்கொண்டே. செடியின் வயதைக் குறைத்தால் அவர்களுக்கு லாபம் இல்லை. உன் வயதைக் குறைத்தால் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

என் முகத்தைப் பார்த்து அந்த ரைட்டருக்கு என்னவோ ஆகிவிட்டது. கேட்காமலே அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, ஆபீஸ் முத்திரை குத்திக் கொடுத்தார். "உதவுதோ என்னமோ தெரியலைங்க. வெச்சுக்குங்க," என்றார்.

நகலைக் கொண்டுபோய் வில்லேஜ் ஆபீசர் மேசையில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது தேயிலையோட ஜாதகம். இதில உங்க அம்மா எங்கே?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

"லயத்துக்கு வந்து விசாரிங்க சார். இந்தப் புக்குல இருக்கத அங்க ஒருத்தி பாக்காமலே சொல்லுவா," என்றேன்.

மாசிக் கடைசியில் ஜீப்பில் வந்தார். பேச்சி பெரியம்மா வாசலில் ஸ்டூல் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தாள். ஆபீசர் நகலைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார், அவள் எட்டிப் பார்த்து வாசித்துவிடுவாள் என்பது போல. அவளுக்கு எழுத்தே தெரியாது.

"அம்மச்சி, கேரளம் உண்டான வருசம் ஓர்மை இருக்கா?"

நான் காதில் கத்தினேன். அவள் யோசிக்கவே இல்லை. "அது ஏழாம் நம்பரு ரெண்டாம் கவாத்து முடிஞ்சி ரெண்டாம் வருசம். களத்துல மிட்டாய் குடுத்தானுவ. எனக்கு ரெண்டு கிடைச்சுது, இவ அம்மைக்கு ஒண்ணு. சாவுத வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுனா."

ஆபீசர் தாளில் விரல் வைத்து எண்ணினார். உதட்டைப் பிதுக்கினார்.

"இடுக்கி அணையில தண்ணி கட்டினது?"

"ஏழாம் கவாத்துக்கு முந்துன வருசம். கரண்ட்டு வருது வருதுன்னான். வந்துச்சு, எங்களத் தாண்டிப் போயிட்டு."

மறுபடி எண்ணினார். இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். "அம்மச்சி எப்போ பிறந்தது?"

"நான் நாலாம் நம்பரு. எனக்கு வேற புக்கு பாக்கணும்."

ஜீப் டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆபீசர் சிரிக்கவில்லை. தாளை மடியில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இவங்க அம்மா?"

பெரியம்மா கையை நீட்டி ஏழாம் நம்பரைக் காட்டினாள். "நல்ல ஆனி மழ. கன்னுக்கூடைய தலையில வச்சு இவ ஆச்சி மேல ஏறுதா. நான் சின்னப்பிள்ள, பின்னாலயே போறேன். பாதி மேட்டுல இறக்கி வச்சா. கூடைய முதல்ல. அப்புறம் பிள்ளைய."

ஆபீசர் எழுதினார். இரண்டு பக்கம் எழுதினார். பெரியம்மாவின் பெருவிரலை மையில் வைத்து உருட்டியபோது "பாத்து சாமி, வயசக் குறச்சிராத," என்றாள்.

கிளம்பும்போது நான் அவரை நிறுத்திக் கேட்டேன். எங்கம்மா சீட்டில் இருக்கிற தேதியை மாற்றித் தருவார்களா?

"அது கஷ்டம் சேச்சி. மரிச்சுப்போன ஆளோட தேதி மாத்தறதுக்குச் சட்டத்துல வகுப்பு இல்ல. அதுக்கு ரேகை வேணும்."

"அந்த ரைட்டர் அன்னைக்கி எந்த ரேகையப் பாத்து சார் எழுதினாரு?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்துவதற்கு முன் என்னைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

சான்று போன மாதம் வந்துவிட்டது. ரம்யா விண்ணப்பம் போட்டுவிட்டாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், லயத்தில் பாயசம் வைத்தார்கள். நானும் குடித்தேன். ஆனால் என் கோபம் தீரவில்லை, அம்மா. தீர வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. உன் பேத்திக்குச் சேர வேண்டியதை வாங்க, நீ பிறந்ததை நாங்கள் இத்தனை பேரிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. ராஜா ஆண்ட காலத்தில் பிறந்தாய், வெள்ளைக்காரத் துரை போனதைப் பார்த்தாய், கேரளம் வந்த நாளில் ஒற்றை மிட்டாய் வாங்கினாய். எல்லா நாளும் ஒரே லயத்தில்தான் இருந்தாய். எப்போது வந்தாய் என்று மட்டும் உன்னைத்தான் கேட்கிறார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் திருத்த முடிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு உன் குழிமேட்டுக்குப் போனேன். ஜனவரி ஒன்றைக் கொத்தி எடுக்கச் சொன்னேன். சிமெண்டுத் தூள் பறந்தது. "என்ன தேதி அக்கா போடணும்?" என்று கேட்டார். தேதி வேண்டாம் என்றேன். ரம்யா தாளில் எழுதிக் கொடுத்தாள், அவர் அதைப் பார்த்து வெட்டினார். எழுத்து கொஞ்சம் கோணல்தான்.

ஏழாம் நம்பர் நட்ட வருடம், ஆனி மழையில் பிறந்தாள். பத்தொன்பது கவாத்து கண்டாள்.

வெட்டி முடித்துவிட்டு அவர் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். "வெளியாளுக்குப் புரியாதே அக்கா," என்றார். புரியாவிட்டால் லயத்தில் வந்து கேட்கட்டும் என்றேன்.

நேற்று மிலாறு கட்டப் போனபோது உன் சும்மாட்டைத்தான் தலையில் வைத்துக்கொண்டேன். உன் பழைய நீலச்சேலையைச் சுற்றி நீ தைத்தது. நடுவில் உன் தலையின் பள்ளம் இன்னும் இருக்கிறது. கட்டு கனமாக இருந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது ரம்யா எதிரே வந்து, "குடும்மா, நான் தூக்குதேன்," என்றாள். கொடுக்கவில்லை. "நீ எப்போ பிறந்தே, முதல்ல சொல்லு," என்றேன் அவளிடம்.

"பதினஞ்சாவதுக்கு அடுத்த வருசம்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் கட்டை இறக்கினேன்.